எந்தப் பக்கம் சுற்றும் ரயிலில் ஏறுவது? சிங்கப்பூர் இலகு ரயிலுக்கு முழுமையான வழிகாட்டி

செங்காங் இலகு ரயில் நடைமேடையில் புதிதாக வந்து நிற்பவரை உடனே கண்டுபிடித்துவிடலாம். பலகையைப் பார்ப்பார், தண்டவாளத்தைப் பார்ப்பார், பிறகு முதலில் வந்த ரயிலில் ஏறிவிடுவார். அடுத்த நிலையமான செங் லிம்முக்குப் போக வேண்டியவர், எதிர்ப்பக்கமாகச் சுற்றும் ரயிலில் ஏறியிருந்தால் எட்டாவது நிறுத்தத்தில்தான் செங் லிம்மைப் பார்ப்பார். எங்கும் தொலைந்துபோக மாட்டார், ஏனென்றால் பாதை வட்டம். ஆனால் கால் மணி நேரம் போய்விடும். காலை வேளையில் அந்தக் கால் மணி நேரத்துக்கு விலை உண்டு.

இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த ஒரு தவற்றைத் தவிர்ப்பது பற்றியது. மற்றவை, அதாவது கட்டணம், நெரிசல், ரயில் நடுவழியில் நின்றுபோவது எல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

முதலில் ஒரு தெளிவு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதை டிராம் என்று சொல்வதுண்டு. இது டிராம் இல்லை. சிங்கப்பூரில் டிராம் ஓடிய காலம் ஒன்று இருந்தது: 1886இல் நீராவி டிராம் வந்தது, 1894இல் நின்றது, 1905இல் மின்சார டிராம் வந்தது, 1927வரை ஓடியது. அவை சாலையோடு சாலையாக, வண்டிகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் நடுவில் போனவை. இன்றைய இலகு ரயிலோ பெரும்பாலும் தூண்களின்மேல் தனிப் பாதையில் ஓடுகிறது. இரும்புச் சக்கரம் கிடையாது, ரப்பர் டயர். ஓட்டுநரும் கிடையாது. வேலை மட்டும் பல பெருநகரங்களின் புறநகர் டிராம் செய்யும் அதே வேலை: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்கு நடுவில் புகுந்து ஆட்களை ஏற்றிக் கொண்டுபோய் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தில் இறக்குவது.

மூன்று தடம், இரண்டு வடிவம்

புக்கிட் பாஞ்சாங் தடம் 1999 நவம்பர் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் இதுதான். இப்போது 13 நிலையங்கள். பதினான்காவதாக இருந்த டென் மைல் ஜங்ஷன் 2019 ஜனவரியில் நிரந்தரமாக மூடப்பட்டது. பழைய தலைமுறையினர் ‘பத்தாங்கட்டை’ என்று சொல்லும் அந்த இடத்துக்குப் பெயர் மிச்சம், நிலையம் இல்லை. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அங்கே போகும் ரயிலைத் தேடாதீர்கள்.

செங்காங்கில் கிழக்கு வட்டம் 2003 ஜனவரியிலும், மேற்கு வட்டம் 2005 ஜனவரியிலும் ஓடத் தொடங்கின. பொங்கோல் கிழக்கு வட்டமும் அதே 2005 ஜனவரியில்தான். பொங்கோல் மேற்கு வட்டத்துக்கு 2014 ஜூன்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் சில நிலையங்கள் கட்டி முடித்தும் சுற்றிலும் வீடுகள் வராததால் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. கடைசியாக டெக் லீ 2024 ஆகஸ்டில் திறந்தது. செங்காங்கில் 14, பொங்கோலில் 15, புக்கிட் பாஞ்சாங்கில் 13. மொத்தம் 42 நிலையங்கள்.

வடிவத்தை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. புக்கிட் பாஞ்சாங் தடம் கயிறு கட்டிய பலூன். சுவா சூ காங்கிலிருந்து புக்கிட் பாஞ்சாங்வரை கயிறு. அதற்குப் பிறகு ஏழு நிலையங்களைச் சுற்றிவரும் பலூன். செங்காங்கும் பொங்கோலும் எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்ததுபோல இருக்கும்: நடுவில் எம்ஆர்டி நிலையம், இரு பக்கமும் ஒவ்வொரு வட்டம்.

செங்காங் தடமும் பொங்கோல் தடமும் ஒரே பணிமனையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே நிறுவனம்தான் ஓட்டுகிறது. ஆனால் பயணிகளுக்கு இரண்டும் தனித்தனி. செங்காங் இலகு ரயிலில் ஏறிப் பொங்கோல் வட்டத்துக்குப் போக முடியாது. செங்காங்கில் இறங்கி, எம்ஆர்டியின் வடகிழக்குப் பாதையில் ஒரு நிறுத்தம் போய், பொங்கோலில் மறுபடி ஏற வேண்டும்.

படி 1: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டெழுத்துக் குறியும் ஓர் எண்ணும் உண்டு. செங்காங் கிழக்கு வட்டம் எஸ்இ, மேற்கு வட்டம் எஸ்டபிள்யூ. பொங்கோல் கிழக்கு பிஇ, மேற்கு பிடபிள்யூ. புக்கிட் பாஞ்சாங் பிபி. ஒருவர் வீட்டுக்கு அழைக்கும்போது நிலையத்தின் பெயரோடு இந்த எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

எண் வரிசை இப்படி:

செங்காங் கிழக்கு: 1 காம்பஸ்வேல், 2 ரும்பியா, 3 பாக்காவ், 4 காங்கார், 5 ராங்கோங்.

செங்காங் மேற்கு: 1 செங் லிம், 2 ஃபார்ம்வே, 3 கூப்பாங், 4 தங்கம், 5 ஃபெர்ன்வேல், 6 லாயார், 7 தொங்காங், 8 ரெஞ்சோங்.

பொங்கோல் கிழக்கு: 1 கோவ், 2 மெரிடியன், 3 கோரல் எட்ஜ், 4 ரிவியேரா, 5 கடலூர், 6 ஓயாசிஸ், 7 டாமாய்.

பொங்கோல் மேற்கு: 1 சாம் கீ, 2 டெக் லீ, 3 பொங்கோல் பாயிண்ட், 4 சமுதேரா, 5 நிபோங், 6 சுமாங், 7 சூ டெக்.

புக்கிட் பாஞ்சாங்: 1 சுவா சூ காங், 2 சவுத் வியூ, 3 கியட் ஹோங், 4 டெக் வாய், 5 ஃபீனிக்ஸ், 6 புக்கிட் பாஞ்சாங், இதுவரை கயிறு. பலூனில் 7 பெத்திர், 8 பெண்டிங், 9 பங்கிட், 10 ஃபஜார், 11 செகார், 12 ஜெலப்பாங், 13 செஞ்சா.

கடலூர் நம் ஊர்ப் பெயரேதான். கடலோரத்தில் அமைந்த பேட்டைக்கு வைத்த தமிழ்ப் பெயர். மலாய் தெரிந்தவர்களுக்கு ஃபஜாரும் செஞ்சாவும் குழம்பாது: ஃபஜார் விடியல், செஞ்சா அந்தி. பெத்திர் இடி. வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இந்தப் பொருளைச் சேர்த்துச் சொன்னால் சட்டென்று மனத்தில் நிற்கும்.

படி 2: பாதிக் கணக்கு

வட்டத்தில் சிறிய எண்கள் ஒரு பக்கம், பெரிய எண்கள் மறுபக்கம். எண் பாதிக்குக் கீழே இருந்தால் 1ஆம் நிலையம் வழியாகப் போகும் ரயில். பாதிக்கு மேலே இருந்தால் கடைசி எண் வழியாகப் போகும் ரயில். வேறு எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

செங்காங் கிழக்கில் 1, 2 என்றால் காம்பஸ்வேல் வழி; 4, 5 என்றால் ராங்கோங் வழி; 3ஆம் எண் பாக்காவுக்கு எதில் ஏறினாலும் மூன்று நிறுத்தம்தான்.

செங்காங் மேற்கில் 1 முதல் 4வரை செங் லிம் வழி. 5 முதல் 8வரை ரெஞ்சோங் வழி.

பொங்கோல் கிழக்கில் 1 முதல் 3வரை கோவ் வழி, 5 முதல் 7வரை டாமாய் வழி, 4ஆம் எண் ரிவியேராவுக்கு இரண்டும் சமம். மேற்கில் அதேபோல் சாம் கீ வழி, சூ டெக் வழி, நடுவில் சமுதேரா சமம்.

புக்கிட் பாஞ்சாங் பலூனில் 7, 8, 9 என்றால் பெத்திர் வழி, 11, 12, 13 என்றால் செஞ்சா வழி, ஃபஜார் நடுவில். செஞ்சா வழியாகச் சுற்றுவது ‘ஏ’ சேவை, பெத்திர் வழியாகச் சுற்றுவது ‘பி’ சேவை.

அறிவிப்புப் பலகையில் ரயிலின் பெயருக்குப் பக்கத்தில் எந்த நிலையம் வழி என்று காட்டுவது இதற்காகத்தான். பலர் ‘மேற்கு வட்டம்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் படித்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். வட்டம் சரிதான், சுற்றும் பக்கம்தான் தவறு. பலகையில் கடைசியாக இருக்கும் பெயரைப் படியுங்கள்.

படி 3: காத்திருப்பதா, எதிர்ப்பக்க ரயிலில் ஏறுவதா

பாதிக் கணக்கு எப்போதும் குறைந்த நிறுத்தத்தைக் கொடுக்கும். எப்போதும் குறைந்த நேரத்தைக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்க ரயில் வாசலில் கதவைத் திறந்து நிற்கும், உங்கள் ரயிலுக்கு 6 நிமிடம் காட்டும். அப்போது என்ன செய்வது?

ஒரு நிலையத்துக்குத் தோராயமாக 2 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் காத்திருக்கும் நேரத்தோடு நிறுத்தங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள். குறைவாக வருவதில் ஏறுங்கள்.

கூப்பாங்கை எடுத்துக்கொள்வோம், மேற்கு வட்டத்தில் 3ஆம் எண். செங் லிம் வழி மூன்று நிறுத்தம். ரெஞ்சோங் வழி ஆறு நிறுத்தம். செங் லிம் ரயில் 5 நிமிடத்தில் வரும் என்றால் 5 கூட்டல் 6, மொத்தம் 11. ரெஞ்சோங் ரயில் 1 நிமிடத்தில் என்றால் 1 கூட்டல் 12, மொத்தம் 13. காத்திருப்பதே நல்லது. அதே கணக்கைத் தங்கத்துக்குப் போட்டால் (4ஆம் எண், நான்கு நிறுத்தமா ஐந்தா) 5 கூட்டல் 8 என்பது 13, 1 கூட்டல் 10 என்பது 11. இப்போது எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிடலாம். சுருக்கமாகச் சொன்னால், நடு எண்களுக்கு எது முதலில் வருகிறதோ அது. ஓர எண்களுக்குச் சரியான பக்கம் வரும்வரை பொறுமை.

கையில் தூங்கும் குழந்தையும் இரண்டு பையும் இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இடம் கிடைக்கும் ரயிலில் ஏறுங்கள், எப்படியும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

கட்டணம் எந்தப் பக்கம் சுற்றினீர்கள் என்பதைப் பொறுத்து மாறாது. நுழைவாயிலில் பயண அட்டையை எங்கே தட்டினீர்கள், எங்கே தட்டி வெளியேறினீர்கள் என்பதுதான் கணக்கு.

படி 4: பாதிக் கணக்கு கைவிடும் இடங்கள்

வட்டத்துக்குள்ளேயே ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பெண்டிங்கிலிருந்து (8) செகாருக்கு (11) என்றால் ஏறுமுகம், பெத்திர் வழியாக வந்த ரயில். இது எளிது.

பெத்திரிலிருந்து (7) செஞ்சாவுக்கு (13) போவதுதான் சிக்கல். வரைபடத்தில் புக்கிட் பாஞ்சாங் நிலையத்துக்கு இரு பக்கமும் அவை அண்டை வீட்டார். ஆனால் பெத்திரிலிருந்து எண் இறங்கும் பக்கம் போனால் அந்த ரயில் புக்கிட் பாஞ்சாங்கைத் தொட்டுவிட்டுக் கயிற்றில் இறங்கிச் சுவா சூ காங்குக்குப் போய்விடும். பலூனுக்குள் மறுபடி நுழையாது. புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, செஞ்சா வழி போகும் ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே இறங்க மறந்தால் ஃபீனிக்ஸில் இறங்கித் திரும்புங்கள். ஃபீனிக்ஸ் தரைமட்டத்திலேயே இருப்பதால் அடையாளம் காண்பது எளிது.

செங்காங்கிலும் பொங்கோலிலும் கிழக்கு வட்டத்திலிருந்து மேற்கு வட்டத்துக்குப் போக வேண்டுமானால் நடுவிலுள்ள நிலையத்தில் இறங்கி ரயில் மாறுங்கள். ஓட்டுநர் இல்லாத ரயிலில் கேட்பதற்கு ஆள் இருக்காது. சந்தேகம் வந்தால் கதவு மூடும்முன் இறங்கி நடைமேடைப் பலகையைப் பார்ப்பதே பாதுகாப்பு.

படி 5: எந்தச் சந்திப்பு நிலையத்தில் இறங்குவது

செங்காங், பொங்கோல்வாசிகளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டுமே வடகிழக்குப் பாதையில் இருக்கின்றன (என்இ16, என்இ17). தேக்காவுக்கு என்இ7 லிட்டில் இந்தியா, பெருமாள் கோயிலுக்கு என்இ8 ஃபேரர் பார்க், இரண்டும் ரயில் மாறாமல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேக்காவில் நிலைய வாசலே நெரிசலாகிவிடும். ஃபேரர் பார்க்கில் இறங்கிச் சிராங்கூன் சாலையில் மேலிருந்து கீழாக நடந்து வருவது கூட்டத்துக்கு எதிரே முட்டாமல் போகும் வழி.

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு வாசல். சுவா சூ காங்கில் வடக்கு-தெற்குப் பாதை. புக்கிட் பாஞ்சாங்கில் 2015 டிசம்பர் முதல் டௌன்டவுன் பாதை (டிடி1). உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் பக்கம் போவதென்றால் சுவா சூ காங். தேக்கா, நகர மையம் என்றால் புக்கிட் பாஞ்சாங்; டிடி12 லிட்டில் இந்தியா பதினோராவது நிறுத்தம், நேரே போய்விடலாம்.

ஆர்ச்சர்ட் போவதற்குப் பலரும் நியூட்டனில் மாறுகிறார்கள். அங்கே டௌன்டவுன் பாதைக்கும் வடக்கு-தெற்குப் பாதைக்கும் நடுவில் தட்டி வெளியேறி மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். ஒரு நிறுத்தம் முன்னதாக ஸ்டீவன்ஸில் இறங்கித் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மாறினால் வெளியே வராமலே மூன்றாவது நிறுத்தம் ஆர்ச்சர்ட். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் இந்த வழிதான் நல்லது.

கட்டணம்: எங்கே காசு வீணாகிறது

பேருந்து, எம்ஆர்டி, இலகு ரயில் மூன்றுக்கும் சேர்த்துத் தொலைவை வைத்துத்தான் கட்டணம். இலகு ரயிலுக்குத் தனியாக ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், இடமாற்ற விதிகளுக்குள் இருக்கும்வரை. ஒரு பயணத்தில் ஐந்து முறைவரை மாறலாம். ஒரு வாகனத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிடம்; ஒரு ரயில் நிலையத்திலிருந்து வெளியேறி இன்னொரு ரயில் நுழைவாயிலில் தட்ட 15 நிமிடம்; முதல் தட்டிலிருந்து கடைசி ஏற்றம்வரை மொத்தம் 2 மணி நேரம்.

அந்த 15 நிமிடம்தான் புக்கிட் பாஞ்சாங்கில் காலை வாரும். டௌன்டவுன் பாதை நிலத்தடியில், இலகு ரயில் மேலே, நடுவில் கடைத்தொகுதி. தட்டி வெளியே வந்து, அப்படியே ரொட்டி வாங்க வரிசையில் நின்று, ஒரு கோப்பி குடித்துவிட்டு மேலே போனால் 15 நிமிடம் தாண்டிவிடும். புதுப் பயணமாகக் கணக்கு தொடங்கும். மளிகை வாங்க வேண்டுமானால் வீட்டுப் பக்க நிலையத்தில் இறங்கிய பிறகு வாங்குங்கள்.

இன்னொரு பொதுவான தவறு, அட்டையை மாற்றித் தட்டுவது. காலையில் வங்கி அட்டையால் தட்டி உள்ளே போகிறார்கள். இறங்கும்போது கையில் கைப்பேசி இருப்பதால் அதைத் தட்டுகிறார்கள். அதே வங்கி அட்டைதான் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது என்றாலும், கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். ஒன்று உள்ளே போய் வெளியே வரவில்லை, மற்றொன்று உள்ளே போகாமலே வெளியே வருகிறது. அப்படியானால் கட்டணம் தவறாகத்தான் விழும். எதனால் தட்டி நுழைந்தீர்களோ அதனாலேயே தட்டி வெளியேறுங்கள்.

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சலுகை அட்டை இருந்தால் கட்டணம் இல்லை. வார நாளில் காலை 7.45க்குமுன் ரயில் நுழைவாயிலில் தட்டினால் பெரியவர்களுக்கு 50 காசுவரை தள்ளுபடி கிடைக்கும். வீட்டருகே இலகு ரயிலில் தட்டும் நேரமே கணக்கு என்பதால் வட்டத்தில் சுற்றும் நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நெரிசல் வேளை

ஒரு பெட்டியில் ஏறக்குறைய 105 பேர் நிற்கவும் உட்காரவும் இடம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு கதவுகள். சில ரயில்கள் ஒற்றைப் பெட்டி, சில இரட்டை. நடைமேடையின் கோடியில் நிற்பவர், ஒற்றைப் பெட்டி வந்துவிட்டால் ஓட வேண்டியிருக்கும். நடுவில் நின்றால் எது வந்தாலும் சமாளிக்கலாம். நடைமேடை ஓரத்தில் தடுப்பு வேலி இருக்கிறது. எம்ஆர்டியில் இருப்பதுபோல் தானாகத் திறந்து மூடும் கதவு கிடையாது. இடைவெளியில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலையில் வட்டம் நிரம்புவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எம்ஆர்டி நிலையத்திலிருந்து காலியாகக் கிளம்பும் ரயில், ஒவ்வொரு நிலையமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றி வருகிறது. அதனால் முடிவுக்கு ஒன்றிரண்டு நிறுத்தம் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் இடம் கிடைக்காது. தொங்காங்கில் நிற்பவர் முன்னால் இரண்டு ரயில் கதவைத் திறந்து மூடிக்கொண்டு போய்விடக்கூடும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, நடப்பது. செங்காங் தடத்தில் நிலையத்துக்கு நிலையம் சராசரியாக 700 மீட்டர், பொங்கோலில் 650 மீட்டர் அளவில்தான் வரும். ஓர எண்ணில் வீடு இருந்தால் எம்ஆர்டி நிலையத்துக்கு நடை பத்து நிமிடத்துக்குள் முடியும், இரண்டாவது எண் என்றால் இருபது நிமிடத்துக்குள். நிரம்பி வழியும் ரயில்களை விட்டுவிட்டு நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பல நாள் நடைதான் முந்தும். மற்றொன்று, எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறி முழுச் சுற்றும் சுற்றி வருவது. உட்கார இடம் கிடைக்கும், நேரம் கூடுதலாகும். எட்டு நிலையமுள்ள மேற்கு வட்டத்தில் ரெஞ்சோங்வாசி இதைச் செய்வது வீண். ஃபெர்ன்வேல்வாசிக்கு ஒரு நிறுத்தம்தான் கூடுதல், அவர் தாராளமாகச் செய்யலாம்.

ஏறியதும் கதவடியில் நிற்காமல் உள்ளே போங்கள். சிறிய பெட்டி என்பதால் வாசலில் நான்கு பேர் அசையாமல் நின்றால் உள்ளே பத்துப் பேருக்கு இடமிருந்தும் ரயில் நிரம்பிவிட்டதாகவே வெளியில் தெரியும்.

ரயிலுக்குள்

மடக்கு மிதிவண்டிக்கு அளவு உண்டு: மடக்கிய பிறகு 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். சக்கரத்தை உருட்டாமல் ஓரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைத் தள்ளுவண்டியை மடக்க வேண்டியதில்லை. சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம். முறுக்குக்கும் இது பொருந்தும். டுரியான் கூடவே கூடாது என்பதை ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

புக்கிட் பாஞ்சாங் ரயிலில் போகும்போது ஜன்னல் திடீரென்று பால்போல் வெளுத்து, சற்று நேரத்தில் மறுபடி தெளிவதைக் காணலாம். பழுது இல்லை. வீடுகளுக்கு மிக அருகில் பாதை போகும் இடங்களில், யாருடைய சமையலறையையும் படுக்கையறையையும் பயணிகள் எட்டிப் பார்க்காதபடி கண்ணாடி தானே மங்கிக்கொள்கிறது.

அதே ரயில் அலைபோல் ஏறி இறங்கி வளைந்து போவதற்கும் காரணம் உண்டு. பேட்டை முழுதாக உருவான பிறகு, ஏற்கெனவே இருந்த புளோக்குகளுக்கும் சாலைகளுக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் செருகிய பாதை அது. செங்காங்கிலும் பொங்கோலிலும் பேட்டையைத் திட்டமிடும்போதே பாதைக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். நின்றுகொண்டு போகிறவர்கள் வளைவுகளில் கம்பியை விடாதீர்கள். ரப்பர் டயர் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விடும்.

நின்றுபோனால்

இலகு ரயிலில் பெரும் தடைகள் பெரும்பாலும் மின்சாரத்தாலும் சமிக்ஞையாலும் வருகின்றன. பாதையோடு ஓடும் மின்தடத்தை ரயிலின் அடியிலுள்ள தொடுகட்டை உரசிக்கொண்டே போய் மின்சாரம் எடுக்கிறது. மின்தடத்தின் இணைப்பு சற்று விலகினாலும், தொடுகட்டை தேய்ந்தாலும் உடைந்தாலும், அந்த இடத்தில் ரயில் நிற்கும். பின்னால் வருபவையும் வரிசையாக நிற்கும். சாலையில் ஓடும் பேருந்துபோல் சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

ரயில் நடுவழியில் நின்றால் செய்ய வேண்டியவை சில. முதலில் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். முன்னால் இருக்கும் ரயில் நகர்வதற்காகவும் நிற்கும். யாருக்காவது மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் கதவருகே இருக்கும் அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்துங்கள். கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவரோடு நேரே பேசலாம். எந்தப் பெட்டி, எந்த நிலையத்தைத் தாண்டியிருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தது என்று சொல்லலாம். கதவை நீங்களாகத் திறந்து பாதையில் இறங்கவே கூடாது. ரயில் நின்றுவிட்டது என்பதால் மின்தடத்தில் மின்சாரம் இல்லை என்று ஆகாது. எதிர்ப்பக்க ரயில் ஓடிக்கொண்டும் இருக்கலாம். ஊழியர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தி, நடைபாதை வழியாக வரிசையாக அழைத்துப் போவார்கள்.

நிலையத்தில் இருக்கும்போது சேவை தடைபட்டால், அறிவிப்பில் ‘ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது’ என்று சொல்கிறார்களா என்று கவனியுங்கள். வட்டப் பாதையின் நல்ல குணம் அதுதான். ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கம் சுற்றி வந்து சேரலாம். பாதிக் கணக்கை அப்போது மறந்துவிடுங்கள். முழுதுமாக நின்றால் குறிப்பிட்ட நிறுத்தங்களில் பேருந்தில் இலவசமாக ஏற விடுவார்கள். எந்த நிறுத்தம், எந்தச் சேவை என்பதை அறிவிப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா நாளும் கைகொடுக்கும் பேருந்துச் சேவைகளை முன்னதாகவே தெரிந்துவைத்திருப்பது நல்லது. புக்கிட் பாஞ்சாங்கையும் சுவா சூ காங்கையும் இணைப்பது 976. புக்கிட் பாஞ்சாங் பேட்டைக்குள் 920, 922. பொங்கோல் முனைக் கடற்கரைப் பக்கம் போக 84. உங்கள் புளோக்கின் கீழே நிற்கும் சேவை எண்ணை ஒரு முறை பார்த்துக் கைப்பேசியில் குறித்து வைத்தால் போதும்.

என்ன மாறுகிறது

புக்கிட் பாஞ்சாங் தடத்தைப் புதுப்பிக்க 2018இல் 344 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் போடப்பட்டது: புதிய ரயில்பெட்டிகள் 19, பழையவற்றில் 13க்கு மறுசீரமைப்பு, புதிய சமிக்ஞை முறை, மின்தட மேம்பாடு. புதிய பெட்டிகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. புதிய சமிக்ஞையில் ஒவ்வொரு ரயிலும் தான் எங்கே இருக்கிறது என்பதை இடைவிடாமல் தெரிவித்துக்கொண்டே இருப்பதால், இரண்டு ரயில்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதுகாப்பாகக் குறைக்க முடியும்.

செங்காங்-பொங்கோல் தடத்துக்கு 25 இரட்டைப் பெட்டி ரயில்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. முதல் ரயில்கள் 2025இல் சேவைக்கு வந்தன. முதல் தலைமுறையைச் சேர்ந்த ஒற்றைப் பெட்டிகள் படிப்படியாக விடைபெறும். புதிய ரயில்களை நிறுத்தி வைக்க இடம் வேண்டுமே. செங்காங் பணிமனை 3.5 ஹெக்டரிலிருந்து 11.1 ஹெக்டருக்கு விரிகிறது. மின் துணைநிலையங்களும் கூடுகின்றன. ரயிலை மட்டும் கூட்டி மின்சாரத்தைக் கூட்டாவிட்டால் ஒரே நேரத்தில் அத்தனையும் ஓடாது.

பொங்கோல் கிழக்கு வட்டவாசிகளுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. குறுக்குத் தீவுப் பாதையின் பொங்கோல் கிளை 2032இல் வரும்போது ரிவியேராவிலும் எம்ஆர்டி நிலையம் இருக்கும். கடலூர், கோரல் எட்ஜ்வாசிகள் பாசிர் ரிஸ் பக்கம் போகப் பொங்கோல் நடுநிலையத்துக்கு வராமல் ரிவியேராவிலேயே மாறிக்கொள்ளலாம். அந்த வட்டத்தில் பாதிக் கணக்கு அன்றைக்கு மாறும்: நடு எண் 4 என்பதே ஒரு சந்திப்பாகிவிடும்.

கடைசி ரயில்

இரவில் கடைசி ரயில் நேரம் நிலையத்துக்கு நிலையம் வேறு, சுற்றும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. ஒரு பக்கத்தின் கடைசி ரயில் போன பிறகு மறுபக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நள்ளிரவு நெருங்கும்போது சரியான பக்கத்துக்காகக் காத்திருக்காமல், உங்கள் வட்டத்தில் எது வருகிறதோ அதில் ஏறிவிடுங்கள். நகரத்தில் விருந்தோ கோயில் விழாவோ முடிந்து வருவதென்றால், கிளம்பும் முன்பே உங்கள் நிலையத்தின் கடைசி நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டியின் கடைசி ரயிலை மட்டும் பார்த்து வந்தால், செங்காங்கில் இறங்கும்போது நடைமேடைப் பலகை வெறுமையாக இருக்கக்கூடும். அப்போது ஓர எண்காரர்கள் நடக்கலாம். நடு எண்காரர்கள் டாக்சியைத்தான் கூப்பிட வேண்டும்.